விடைத்தாளைப் பார்க்காமல் பிழை திருத்துவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்: குவாண்டம் கணினியும் பிழைத் திருத்தமும்

குவாண்டம் கணினி அதிவேகம் என்கிறார்கள். பிறகு ஏன் எப்போது பார்த்தாலும் பிழை, பிழை என்றே பேச்சு? நம் லேப்டாப் இப்படிப் பிழை செய்வதில்லையே?
— கல்லூரி மாணவர், விருதுநகர்

லேப்டாப்பில் ஒரு பிட்டை ஏராளமான எலக்ட்ரான்கள் சேர்ந்து தாங்குகின்றன. பத்து இருபது கசிந்து போனாலும் 1 என்பது 1 ஆகவே நிற்கும். குவாண்டம் கணினியின் பிட்டான கியூபிட்டுக்கு (0, 1 இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கக்கூடியது) அந்தக் கொடுப்பினை இல்லை. கூகுளும் ஐபிஎம்மும் பயன்படுத்தும் மீக்கடத்து (மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும்) கியூபிட்டில் 0 நிலைக்கும் 1 நிலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு மைக்ரோவேவ் போட்டான் (அலையின் மிகச் சிறிய ஆற்றல் பொட்டலம்). சுமார் 5 கிகாஹெர்ட்ஸ். அந்த ஆற்றலை வெப்பநிலையாக மாற்றிச் சொன்னால் கால் கெல்வின்கூட வராது. அதனால்தான் சில்லை (சிப்பை) டைல்யூஷன் ஃபிரிட்ஜ் என்ற அதிகுளிர்ப் பெட்டியின் அடித்தட்டில், 10 முதல் 20 மில்லிகெல்வின் குளிரில் தொங்கவிடுகிறார்கள்.

அவ்வளவு குளிரிலும் கூகுளின் அண்மைச் சில்லுகளில் ஒரு கியூபிட் தன் 1 நிலையைச் சராசரியாக 70 மைக்ரோ நொடி அளவுக்குத்தான் தக்கவைக்கிறது. ஆற்றல் கசிவு ஒரு பக்கம். சில்லின் மேற்பரப்பு ஆக்சைடில் ஒளிந்திருக்கும் குறைபாடுகள், பக்கத்துக் கியூபிட்டுக்கு அனுப்பிய மைக்ரோவேவ் இங்கேயும் எட்டிப் பார்ப்பது, 0, 1 இரண்டையும் விட்டு 2 என்ற மேல்நிலைக்கு ஏறிவிடுவது, அளக்கும்போதே தவறாகப் படிப்பது என்று மற்ற பிழைகள் இன்னொரு பக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கியூபிட்டைச் சேர்த்து இயக்கும் ஒரு கேட் (கணக்கின் ஓர் அடிப்படைச் செயல்), ஆயிரத்தில் மூன்று முறை தவறுகிறது என்று வைப்போம். 1,000 கேட் ஓட்டினால் ஒரு பிழைகூட இல்லாமல் முடிய வாய்ப்பு சுமார் 5%. உருப்படியான பயன்பாடுகளுக்குத் தேவைப்படுவதோ பல கோடிக் கேட்கள். எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை, வருவது குப்பைதான்.

முக்கியமான கோப்பை மூன்று பிரதி எடுத்து வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டு காப்பாற்றும். கியூபிட்டுக்கும் அதையே செய்தால் என்ன?
— வங்கி ஊழியர், கும்பகோணம்

தெரியாத குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்கவே முடியாது. 1982-ல் வூட்டர்ஸும் சூரெக்கும் நிறுவிய தேற்றம் இது. போதாக்குறைக்கு, கெட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாலே 0-வும் 1-ம் கலந்திருந்த நிலை கலைந்து ஏதோ ஒன்றாகிவிடும். பல ஆண்டுகள் இந்த இரண்டு தடைகளையும் காட்டித்தான் "குவாண்டம் கணினி நடக்காத காரியம்" என்று பலர் ஒதுக்கிவைத்தார்கள்.

தப்பிக்கும் வழி இது: பிரதி எடுக்காமல், ஒரே தகவலை மூன்று கியூபிட்டில் பரப்பிவிடுவது. படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் கியூபிட்டில் தகவல் இருக்கிறது; இரண்டாவதும் மூன்றாவதும் 0. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு சி-நாட் கேட் (முதலாவது 1 என்றால் மட்டும் மற்றதைப் புரட்டுவது), முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு இன்னொன்று. முன்பு "கொஞ்சம் 0, கொஞ்சம் 1" என்று இருந்தது இப்போது "கொஞ்சம் 000, கொஞ்சம் 111" ஆகிவிட்டது. தனித்தனியாக எந்தக் கியூபிட்டிலும் தகவல் இல்லை. மூன்றுக்கும் இடையிலான உறவில்தான் இருக்கிறது.

அடுத்து, சோதனைக்கென்று இரண்டு கியூபிட் கூடுதலாக வேண்டும். ஒன்று "முதலாவதும் இரண்டாவதும் ஒன்றா, வேறா?" என்று மட்டும் கேட்கும். மற்றொன்று இரண்டாவது, மூன்றாவது ஜோடியைக் கேட்கும். இரண்டு ஜோடியும் ஒத்துப்போனால் பிழை இல்லை. முதல் ஜோடி மட்டும் முரண்பட்டால் முதல் கியூபிட் புரண்டிருக்கிறது. இரண்டாம் ஜோடி மட்டும் முரண்பட்டால் மூன்றாவது. இரண்டு ஜோடியும் முரண்பட்டால் நடுவில் உள்ளது. இந்த விடைகளுக்கு சிண்ட்ரோம் என்று பெயர். மருத்துவர் சொல்லும் நோய்க்குறி என்ற அதே பொருளில்தான். 000-வா 111-ஆ என்று யாரும் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். விடைத்தாளைத் திறக்காமலே பிழை திருத்துகிறோம்.

எங்கே சறுக்கும்? இரண்டு கியூபிட் ஒரே நேரத்தில் புரண்டால் சிண்ட்ரோம் மூன்றாவதன் மேல் பழி போடும். நாம் அந்த அப்பாவியையும் புரட்டி, பிழையை முழுமையாக்கிவிடுவோம். ஒவ்வொன்றும் புரள வாய்ப்பு 1% என்றால், இப்படித் தோற்க வாய்ப்பு சுமார் 0.03%. இது லாபம்தான். ஆனால் கியூபிட்டுக்கு ஃபேஸ் (0, 1 கலவையில் இரண்டையும் இணைக்கும் கூட்டல்-கழித்தல் குறி) புரளும் பிழையும் உண்டு. மூன்று கியூபிட்டில் எது ஃபேஸ் புரண்டாலும் மொத்தமும் கெடும் என்பதால், அந்த வகையில் ஆபத்தை மூன்று மடங்காக்கி வைத்திருக்கிறோம். 1995-ல் பீட்டர் ஷோர் இதற்கு மருந்து கண்டார்: மூன்று மூன்றாக மூன்று குழு, மொத்தம் 9 கியூபிட். குழுவுக்குள் பிட் பிழையைப் பிடிப்பது, குழுக்களுக்கு இடையே ஃபேஸ் பிழையைப் பிடிப்பது. மறு ஆண்டே ஸ்டீன் 7 கியூபிட்டில் முடித்துக் காட்டினார். பிறகு 5 வரை இறங்கியது. ஒரு கியூபிட்டில் வரும் எந்தப் பிழையையும் திருத்த அதற்குக் கீழே போக முடியாது.

பிட் புரண்டதா இல்லையா என்பது சரி. ஆனால் கியூபிட் 6 டிகிரி, 7 டிகிரி என்று லேசாகத் திரும்பியும் போகலாமே. அந்தக் கால், அரைக்கால் பிழையை எப்படிப் பிடிப்பது?
— இயற்பியல் ஆசிரியை, தஞ்சாவூர்

ரொம்பச் சரியான சந்தேகம். இதற்கான பதிலில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

ஒரு கியூபிட் 6 டிகிரி தவறாகத் திரும்பிவிட்டது என்போம். அப்போது அது "பிழையே இல்லை" என்ற நிலையும் "முழுசாகப் புரண்டது" என்ற நிலையும் கலந்த கலவை. நாம் ஜோடிப் பொருத்தத்தைக் கேட்ட கணத்தில் அந்தக் கலவை ஏதாவது ஒரு பக்கம் விழுந்தாக வேண்டும். பாதிக் கோணமான 3 டிகிரியின் சைனை வர்க்கப்படுத்தினால் 0.0027. அதாவது 99.7% தடவை "பிழை இல்லை" என்று வரும். வந்தால் அந்த 6 டிகிரியும் உண்மையாகவே காணாமல் போயிருக்கும். மீதி 0.27% தடவை முழுப் பிழையாக மாறி, எந்தக் கியூபிட் என்றும் காட்டிக்கொடுத்துவிடும். கேள்வி கேட்பதே பிழையை முழு எண்ணாக்கிவிடுகிறது. அனலாக் கணினியில் இந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

ஒரு எச்சரிக்கை: எல்லாக் கியூபிட்டும் ஒரே திசையில், ஒவ்வொரு சுற்றிலும் 6 டிகிரி திரும்பினால் (மைக்ரோவேவ் துடிப்பின் அளவு சரியாக அமைக்கப்படாவிட்டால் இப்படி நடக்கும்) மேலே சொன்ன கணக்கு காட்டுவதைவிட நிலைமை மோசமாகலாம். ஆய்வகங்களில் அளவுத்திருத்தத்துக்கு அத்தனை நேரம் செலவாவது இதனால்தான்.

சர்ஃபேஸ் கோட் என்ற பெயர் அடிக்கடி வருகிறது. கணிதம் இல்லாமல் விளக்க முடியுமா?
— இல்லத்தரசி, காரைக்குடி

கியூபிட்டுகளைக் கட்டமாக அடுக்கிப் பிழை பிடிக்கும் முறை அது. புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சுலபம். ஒரு கட்டம் போட்ட தாளில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று 9 புள்ளி வையுங்கள். இவை தகவலைத் தாங்கும் டேட்டா கியூபிட். நான்கு புள்ளிகளுக்கு நடுவே ஒரு சதுரம் என்று நான்கு சதுரம் வரும். சதுரங்கப் பலகைபோல ஒன்றுவிட்டு ஒன்று கறுப்படியுங்கள். ஓரங்களில் இரண்டு புள்ளிகளை அணைத்தபடி மேலே ஒன்று, கீழே ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று என நான்கு அரைவட்டம் போடுங்கள். மேலும் கீழும் ஒரே நிறம், இடமும் வலமும் மற்ற நிறம். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும், அரைவட்டத்தின் நடுவிலும் ஒரு சோதனைக் கியூபிட். ஆக 9-ம் 8-ம் 17. இது "தூரம் 3" கோலம் (வரிசைக்கு எத்தனை புள்ளியோ அதுவே தூரம்). தூரம் 5-க்கு 49, தூரம் 7-க்கு 97. தூரத்தை வர்க்கப்படுத்தி, இரட்டித்து, ஒன்று கழித்தால் கணக்கு வந்துவிடும்.

கறுப்புச் சதுரம் தன் மூலைப் புள்ளிகளில் பிட் பொருத்தத்தைக் கேட்கும். வெள்ளை, ஃபேஸ் பொருத்தத்தைக் கேட்கும். ஒரு சுற்றில் நடப்பது: சோதனைக் கியூபிட்டுகளை 0-வுக்குக் கொண்டுவருவது, வெள்ளைக்கு மட்டும் ஹடமார்ட் கேட் (0-வை 0-1 சமக் கலவையாக்குவது), பிறகு நான்கு மூலைகளோடும் வரிசையாக நான்கு கேட், வெள்ளைக்கு மறுபடி ஹடமார்ட், கடைசியில் அளவீடு. கூகுளின் சில்லில் இந்த முழுச் சுற்றும் 1.1 மைக்ரோ நொடி. கேட்களுக்கு அதிக நேரம் ஆவதில்லை. அளவீடும் ரீசெட்டும்தான் பெரும்பகுதியைத் தின்கின்றன.

அந்த நான்கு மூலைகளை எந்த வரிசையில் தொடுவது என்பது அற்ப விஷயம்போலத் தெரியும். அதில் கோட்டைவிட்டால் கோலத்தின் பாதி பலம் போய்விடும். காரணம்: இரண்டு மூலைகளைத் தொட்டு முடித்தபின் சோதனைக் கியூபிட்டிலேயே ஒரு பிழை வந்தால், அது மீதி இரண்டு மூலைகளுக்கும் தொற்றிக்கொள்ளும். ஒரே பிழை இரண்டு டேட்டா பிழையாகிறது. கொக்கிப் பிழை என்பார்கள். தகவலைக் கெடுக்க, ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை ஒரு சங்கிலி போல் பிழைகள் சேர வேண்டும். கொக்கியில் மாட்டிய இரண்டும் அந்தச் சங்கிலியின் திசையிலேயே படுத்தால், மூன்று பிழை தேவைப்பட்ட இடத்தில் இரண்டே போதும் என்றாகிவிடும். குறுக்காக விழுந்தால் சேதமில்லை. அதனால் ஒரு நிறத்துக்கு ஆங்கில Z எழுத்து வடிவிலும் மற்ற நிறத்துக்கு N எழுத்து வடிவிலும் மூலைகளைத் தொடுவது வழக்கம்.

இன்னொன்று: அளவீடே பொய் சொல்லலாம். அதனால் ஒரு சுற்றின் விடையை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. முந்தைய சுற்றிலிருந்து எந்த விடை மாறியது என்பதைத்தான் குறித்துக்கொள்வார்கள். டேட்டா பிழை வந்தால் பக்கத்துப் பக்கத்துச் சதுரங்கள் இரண்டில் மாற்றம் தெரியும். அளவீட்டுப் பிழை வந்தால் ஒரே சதுரத்தில் அடுத்தடுத்த சுற்றுகளில் மாறி, பழையபடி திரும்பும். இந்தக் குறிகளை ஜோடி ஜோடியாக, மொத்தத் தொலைவு குறைவாக இருக்கும்படி சேர்ப்பதே டிகோடர் என்ற மென்பொருளின் வேலை.

2024 டிசம்பரில் கூகுள் வில்லோ சில்லு பற்றிப் பெரிய பரபரப்பு. உண்மையில் என்ன சாதித்தார்கள்?
— மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

செய்திகளில் பெரிதாக வந்தது, சூப்பர் கணினிக்குப் பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகக் காலம் பிடிக்கும் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்தது என்ற பகுதி. அதற்கும் பிழைத் திருத்தத்துக்கும் சம்பந்தமில்லை. எங்கள் பார்வையில் அதை ஓரமாக வைத்துவிடலாம்.

முக்கியமானது வேறு. கோலத்தைப் பெரிதாக்கினால் கியூபிட்டும் கூடும், பிழை வரும் இடங்களும் கூடும். ஒவ்வொரு பாகத்தின் பிழை விகிதம் ஏறத்தாழ 1% என்ற வரம்புக்கு மேலே இருந்தால், பெரிதாக்கப் பெரிதாக்க நிலைமை மோசமாகும். கீழே இருந்தால் படிப்படியாகத் தேறும். 2023-ல் கூகுள் வெளியிட்ட சோதனையில் தூரம் 3-ல் ஒரு சுற்றுக்குப் பிழை 3.028%, தூரம் 5-ல் 2.914%. மயிரிழை முன்னேற்றம். வில்லோவில் தூரம் ஒவ்வொரு முறை இரண்டு கூடும்போதும் பிழை 2.14 மடங்கு குறைந்தது. இந்த எண்ணுக்கு லாம்டா என்று பெயர். தூரம் 7-ல் ஒரு சுற்றுக்கு 0.143% வரை இறங்கினார்கள். 105 கியூபிட் சில்லில் 101 இதற்குப் போனது: 49 டேட்டா, 48 சோதனை, மேல்நிலைக்கு ஏறிவிட்டதை இறக்கிவிட 4. இப்படிச் சேர்ந்து உருவான ஒரே ஒரு லாஜிக்கல் கியூபிட், அந்தச் சில்லின் ஆகச் சிறந்த தனிக் கியூபிட்டைவிட 2.4 மடங்கு காலம் தாக்குப்பிடித்தது.

இனி யாராவது "எங்களிடம் ஆயிரம் கியூபிட்" என்றால், லாம்டா எவ்வளவு என்று கேளுங்கள். அது 1-க்குக் கீழே என்றால் ஆயிரமும் சுமைதான்.

2.14 போதுமா என்றால், போதாது. பத்து லட்சம் சுற்றுக்கு ஒரு பிழை என்ற நிலைக்கு இதே தரத்தில் போக தூரம் 27 வேண்டும். ஒரு லாஜிக்கல் கியூபிட்டுக்கு 1,457 கியூபிட். பாகங்களின் பிழையைப் பாதியாக்கினால் லாம்டா தோராயமாக இரட்டிக்கும். அதே இலக்கைத் தூரம் 15-ல், 449 கியூபிட்டில் எட்டிவிடலாம். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடத் தரத்தைக் கூட்டுவது மலிவு என்பது இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரியும்.

குறையையும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் லாஜிக்கல் கியூபிட் தகவலைப் பத்திரமாக வைத்திருந்தது, அவ்வளவே. எந்தக் கணக்கும் போடவில்லை.

சரி, பத்திரமாக வைத்துவிட்டோம். அதில் கணக்குப் போடுவதில் என்ன சிக்கல்?
— அதே வாசகர்

கேட்களில் இரண்டு சாதி உண்டு. கிளிஃபோர்ட் வகைக் கேட்களைக் கோலத்தின் மேலேயே, கட்டத்தை ஒட்டியும் வெட்டியும் செய்துவிடலாம். ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டும் கணக்கைச் சாதாரணக் கணினியே எளிதாகப் போட்டுவிடும். டி கேட் என்ற ஒன்று சேர்ந்தால்தான் குவாண்டம் கணினிக்கு முழு வலிமை. எல்லாக் கேட்களையும் இயல்பாகவே பாதுகாப்புடன் செய்யும் குறியீடு (பிழைத் திருத்தக் கோலம்) எதுவும் கிடையாது என்று ஈஸ்டினும் நில்லும் 2009-ல் நிறுவிவிட்டார்கள்.

அதனால் டி கேட்டுக்கான "மாய நிலை" என்ற சரக்கைத் தனியாகத் தயாரித்து, வடிகட்டி, பிறகு கணக்கில் ஊற்றுகிறார்கள். பிராவியும் கிட்டயேவும் 2005-ல் தந்த வழி இது: சுமாரான 15 மாய நிலைகளைப் போட்டு ஒரு சுத்தமான நிலையை எடுப்பது. உள்ளே போடுவதில் ஆயிரத்துக்கு ஒன்று பிழை என்றால் வெளியே வருவதில் சுமார் மூன்று கோடிக்கு ஒன்று. நல்ல வடிகட்டல்தான், ஆனால் இடத்தை அடைக்கும். பழைய திட்ட மதிப்பீடுகளில் சில்லின் கணிசமான பரப்பை இந்த வடிசாலைகளே பிடித்துக்கொண்டன. 2024-ல் கூகுள் குழு முன்வைத்த "வளர்த்தெடுக்கும்" முறை, ஒரே நிலையைச் சிறிதாகத் தொடங்கி, சோதித்துச் சோதித்து, தேறாததைத் தூக்கியெறிந்து வளர்க்கிறது. இடம் வெகுவாக மிச்சமாகிறது.

டிகோடர் மென்பொருள்தானே? மெதுவாக ஓடினால் என்ன குடிமுழுகிவிடும்?
— பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம்

தூரம் 27 கோலத்தில் 728 சோதனைகள். 1.1 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை 728 பிட் வந்து விழுந்தால் நொடிக்கு சுமார் 66 கோடி பிட். அதுவும் ஒரு லாஜிக்கல் கியூபிட்டுக்கு. வருவதைவிட மெதுவாகத் தீர்த்தால் ரேஷன் கடை வரிசைபோல நீண்டுகொண்டே போகும். டி கேட் ஒன்று முடியும் இடத்தில் "இதுவரை வந்த பிழைகளின் நிலவரம் என்ன?" என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. காத்திருக்கும் நேரத்திலும் சுற்றுகள் ஓடிக்கொண்டே இருக்கும்; புதுப் பாக்கி சேரும்; அடுத்த டி கேட்டுக்கு அதைவிட நீண்ட காத்திருப்பு. இப்படி மடங்கு மடங்காகப் பெருகிக் கணக்கே நின்றுவிடும்.

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று வரத்துக்கு ஈடுகொடுப்பது. மற்றொன்று விடை வர எடுக்கும் தாமதம். வில்லோவில் தூரம் 5-க்கு நேரடியாக ஓட்டிய டிகோடரின் தாமதம் சராசரி 63 மைக்ரோ நொடி. சுற்று 1.1 மைக்ரோ நொடி என்றாலும், பத்து லட்சம் சுற்று வரை அந்தத் தாமதம் கூடாமல் நின்றது. அதாவது ஈடுகொடுத்தது. தாமதத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

பலர் தவறாக நினைக்கும் ஒன்று: பிழை தெரிந்தவுடன் அந்தக் கியூபிட்டைத் திரும்பப் புரட்டிவிடுவதில்லை. புரட்டுவதற்கும் ஒரு கேட் வேண்டும். அதிலும் பிழை வரும். மளிகைக்கடைப் பற்றுப்போல "இது புரண்டிருக்கிறது" என்று கணக்கில் எழுதிவைத்துக்கொண்டு, கடைசி விடையைப் படிக்கும்போது நேர் செய்துகொள்வார்கள்.

காஸ்மிக் கதிர் பட்டு கியூபிட் கெடும் என்று படித்தேன். சில்லைச் சுற்றி ஈயம் வைத்தால் தீராதா?
— ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், மதுரை

ஈயம் காமா கதிரைக் குறைக்கும். காஸ்மிக் கதிரால் வானில் உருவாகும் மியூவான் துகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அதைத் தடுக்க மலையே வேண்டும். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடையத் திட்டமிட்டதும் இதே காரணத்துக்குத்தான். இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வகத்தில் மீக்கடத்துச் சுற்றுகளை வைத்துச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

நடப்பது என்னவென்றால், கதிர் சில்லின் அடித்தளத்தில் மோதி அதிர்வலைகளை எழுப்பும். அவை சில்லு முழுக்கப் பரவி, மீக்கடத்து எலக்ட்ரான் ஜோடிகளை உடைக்கும். உடைந்த துணுக்குகள், இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்புள்ள ஜோசப்சன் சந்தியைத் தாண்டும்போது கியூபிட்டின் ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். சில்லு தெளிய 25 மில்லி நொடி அளவு ஆகும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று. பிழைத் திருத்தம் "ஒரு பிழைக்கும் இன்னொரு பிழைக்கும் சம்பந்தமில்லை" என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இங்கே எல்லாம் ஒன்றாகக் கவிழ்கின்றன. எவ்வளவு பெரிய கோலமும் தாங்காது. கூகுளின் முந்தைய தலைமுறைச் சில்லில் இது சுமார் 10 நொடிக்கு ஒருமுறை வந்தது.

தீர்வு சில்லுக்குள்ளேயே கிடைத்தது. சந்தியின் இரண்டு பக்கமும் வெவ்வேறு தடிமனில் அலுமினியம் பூசினால், இரண்டு பக்கத்துக்கும் ஆற்றல் இடைவெளி வேறாகிறது. துணுக்கு ஏற முடியாத படி ஒன்று கட்டியதுபோல. இந்த மாற்றத்தோடு வந்த வில்லோவில், தூரம் 29 வரை சென்ற எளிய பிட் பிழைச் சோதனையில், கும்பலாக வரும் பிழை சுமார் மணிக்கு ஒருமுறை என்று ஆனது. சில நாள் ஓட வேண்டிய கணக்குக்கு அதுவும் அதிகம்.

ஐபிஎம் வேறு வழியில் போகிறதாமே?
— மாணவி, யாழ்ப்பாணம்

ஆம். 2024-ல் அவர்கள் வெளியிட்ட குறியீட்டில் 144 டேட்டா, 144 சோதனை, ஆக 288 கியூபிட்டில் 12 லாஜிக்கல் கியூபிட் அடங்கும். அதே பாதுகாப்புக்கு சர்ஃபேஸ் கோட் 3,000 அளவுக்குக் கேட்கும். விலை வேறு இடத்தில்: ஒவ்வொரு கியூபிட்டும் நான்கு அண்டை வீட்டாரோடு நிற்காமல், தூரத்தில் உள்ள இரண்டோடும் சேர்த்து ஆறு இணைப்பு வைத்திருக்க வேண்டும். சில்லில் ஒயர் ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டியிருப்பதால் அடுக்கடுக்காகக் கட்ட வேண்டும். 2029-ல் 200 லாஜிக்கல் கியூபிட் என்பது அவர்களின் அறிவிப்பு. ஹார்வர்டு குழு லேசரால் ருபிடியம் அணுக்களைத் தூக்கி இடம் மாற்றியே இணைப்புப் பிரச்சினையைத் தவிர்க்கிறது. 2023-ல் 48 லாஜிக்கல் கியூபிட் வரை காட்டினார்கள். அங்கே சுற்று மெதுவாக ஓடுகிறது. எது வெல்லும் என்று இப்போதே பந்தயம் கட்டுவது அவசரம்.

என் வங்கிக் கணக்கு எப்போது உடையும்?
— கடை உரிமையாளர், ஈரோடு

இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் 2048 பிட் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்கப் பூட்டை உடைக்க 2 கோடி கியூபிட்டும் 8 மணி நேரமும் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கிட்னியும் எகெராவும் 2019-ல் கணக்கிட்டார்கள். 2025 மே மாதம் கிட்னியே அதை 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம் என்று இறக்கிவிட்டார். கருவியின் தரம் பற்றிய அனுமானங்கள் அதேதான். குறைந்தது முழுக்க முழுக்கக் குறியீடும் வழிமுறையும் மேம்பட்டதால். இன்று கையில் இருப்பது சில நூறு நல்ல கியூபிட். நாளைக்கே உடையாது. ஆனால் இன்று ஒட்டுக்கேட்டுச் சேமித்துவைத்த ரகசியத்தைப் பின்னாளில் திறக்கலாம் என்பதால், அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் புதிய பூட்டுத் தரங்களை வெளியிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது, போனையும் வங்கிச் செயலியையும் புதுப்பித்துக்கொண்டே இருப்பது மட்டும்.

இதைப் படிக்க என்ன வழி? வீட்டு லேப்டாப்பில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?
— பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

ரூ.6,003.65 கோடியில் 2023 ஏப்ரலில் அறிவித்த தேசிய குவாண்டம் இயக்கத்தில் கணினிக்கான மையம் பெங்களூரு ஐஐஎஸ்சி. தகவல்தொடர்புக்கு சென்னை ஐஐடி. சென்னை ஐஐடியில் பிழைத் திருத்தக் குறியீடுகளில் ஆய்வு செய்யும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளமான என்பிடிஇஎல்லில் பாடங்கள் இலவசம். முதலில் நேரியல் இயற்கணிதம், அடுத்து ஸ்டெபிலைசர் முறை (பொருத்தம் கேட்கும் சோதனைகளின் கணிதம்). இயற்பியல் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று காத்திருக்க வேண்டாம்.

லேப்டாப்பில் தாராளமாகச் செய்யலாம். பைத்தானில் ஸ்டிம், பைமேட்சிங் என்ற இரண்டு இலவசத் தொகுப்புகளை நிறுவுங்கள். ஸ்டிம் கோலத்தையும் பிழைகளையும் போலியாக ஓட்டும். பைமேட்சிங் ஜோடி சேர்க்கும். சர்ஃபேஸ் கோட் சுற்றை நீங்கள் எழுத வேண்டியதில்லை, ஸ்டிம்மிடம் தூரமும் சுற்று எண்ணிக்கையும் சொன்னால் அதுவே தந்துவிடும். தூரம் 3, 5, 7 மூன்றையும், பிழை விகிதம் 0.3%, 0.6%, 1%, 1.5% என்று மாற்றி மாற்றி ஓட்டி, லாஜிக்கல் பிழையை வரைபடமாகப் போடுங்கள். இடது பக்கம் தூரம் 7-ன் கோடு அடியில் இருக்கும். வலது பக்கம் அதுவே மேலே ஏறிவிடும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மேலே சொன்ன வரம்பு.

முதல் தடவை எல்லோரும் செய்யும் தவறுகள் சில. பிழையைக் கொடுக்க நான்கு இடம் உண்டு: கேட்டுக்குப் பின், ரீசெட்டுக்குப் பின், அளவீட்டுக்கு முன், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில் டேட்டா கியூபிட்டில். நீங்கள் சொல்லாவிட்டால் எல்லாமே பூஜ்ஜியம். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு "வரம்பு இவ்வளவு உயரமா!" என்று மகிழ வேண்டாம். பைமேட்சிங்குக்குத் தரும் முன், பிழை மாதிரியை உடைத்துத் தரும் தேர்வை இயக்க வேண்டும். பிட்டும் ஃபேஸும் சேர்ந்து புரளும் பிழை இரண்டுக்கு மேற்பட்ட குறிகளை எழுப்பும், அதை ஜோடியாகச் சேர்க்க இந்த மென்பொருளால் முடியாது. தூரத்துக்குத் தூரம் சுற்று எண்ணிக்கையை மாற்றினால், ஒப்பிடும்போது ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, தூரம் 7-ல் 0.1%-க்குப் பத்தாயிரம் தடவை ஓட்டி "பிழையே வரவில்லை" என்று எழுதாதீர்கள். லட்சத்தில் ஒன்று என்ற பிழையை நம்பகமாக அளக்க குறைந்தது நூறு பிழையாவது கண்ணில் பட வேண்டும். அதற்கு ஒரு கோடி தடவை. ஸ்டிம் அதற்கென்றே எழுதப்பட்டது. ராத்திரி ஓட விட்டுத் தூங்குங்கள், காலையில் வரைபடம் தயாராக இருக்கும்.